மூடிய அவையும் திறந்த முடிவும்

அரிப்புக் கடலோரத்தில், ஆளுநர் பிரடெரிக் நோர்த் 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய மாளிகையின் எஞ்சிய சுவர்களை இன்றுங் காணலாம். மன்னார்க் குடாவின் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்கு வசதியாக அமைந்த இல்லம் அது. முத்துக்குளிப்பு அறிவிக்கப்பட்ட ஆண்டுகளில் அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய கரைகளில் ஓலைக் கொட்டில்களாலான ஒரு நகரம் சில வாரங்களுக்கு மட்டுந் தோன்றிப் பின்னர் மணலோடு மணலாய் மறைந்துவிடும். 1905 ஆம் ஆண்டில் மட்டும் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன என்பது அத்தொழிலின் பரப்பை உணர்த்தப் போதுமானது.

அக்கரையில் ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றும் இரண்டு வழக்கங்கள் அருகருகே நிலவின. முத்து வணிகர் இருவர் விலை பேசும்போது தம் கைகளை ஒரு துணியின் கீழ் மறைத்துக்கொள்வர். விரலைப் பற்றுவதும் அழுத்துவதுமே அவர்தம் மொழி. சுற்றி நிற்பவர் எவரும் அதனை அறியார். தமிழகத்து மாட்டுச் சந்தைகளில் துண்டுக்குள் கைவிட்டு விலை பேசும் வழக்கமும் இத்தகையதே. ஆயின் முத்துக்குளிப்புத் தொடங்குமுன் அரசு செய்த செயல் இதற்கு நேர்மாறானது. பார்களிலிருந்து மாதிரிக்கெனச் சில ஆயிரம் சிப்பிகள் எடுக்கப்பட்டு, அவற்றின் முத்துக்கள் தேர்ந்த மதிப்பீட்டாளரால் விலை மதிக்கப்பட்டு, அம்மதிப்பீடு யாவரும் அறிய அறிவிக்கப்பட்டது. தொலைவிலிருந்து வரும் வணிகனும், கடன்பட்டுப் படகு கொண்டுவரும் சம்மாட்டியும் அவ்வறிவிப்பை நம்பியே புறப்பட்டனர்.

இவ்விரு வழக்கங்களுள் எது நேர்மையானது என்று வினவுவது பொருந்தாது. துணியின் கீழ் நிகழ்ந்தது இருவருக்கிடையிலான பேரம். அதனால் மூன்றாமவர்க்கு இழப்பு இல்லை. மாதிரிச் சிப்பியின் மதிப்பீடோ ஆயிரக்கணக்கானோரின் வாழ்வைத் தொட்டது. ஆகவே அது மறைவாய் இருத்தல் இயலாததாயிற்று. எனினும் இவ்வெளிய வேறுபாடு எல்லா இடங்களிலும் தெளிவாகப் புலப்படுவதில்லை. ஒரு துறையில் வல்லோர் சிலர் தம்முள் கூடிப் பேசுகின்றனர். அவர்கள் பேசும் பொருளோ பிறருடைய வாழ்வையும் துயரையும் பற்றியது. அப்பேச்சு அவர்களுக்கு மட்டும் உரியதா, அல்லது அதனாற் பாதிக்கப்படுவோர்க்கும் உரியதா? மருத்துவர், பொறியியலாளர், சட்ட வல்லுநர், தொல்லியலாளர் என எத்துறையினரும் எதிர்கொள்ள வேண்டிய அறவியல் வினா இது.

முதலில், வல்லுநர் அவை மூடியிருத்தல் வேண்டும் என்னும் பக்கத்தை அதற்குரிய மதிப்போடு நோக்குதல் தகும். சிந்தனை என்பது முழுமையாய்ப் பிறப்பதன்று. தவறான ஊகங்கள் பலவற்றைச் சொல்லிப் பார்த்து, பிறர் மறுக்கக் கேட்டு, தன்னைத்தானே திருத்திக்கொண்டுதான் அது முடிவை அடைகின்றது. ஊரார் அனைவரும் செவிகொடுத்து நிற்கும் இடத்தில் ஒருவன் ஒரு கருத்தைக் கூறிவிட்டால், பின்னர் அதனைக் கைவிடுதல் அவனுக்குத் தோல்வியாய்த் தோன்றும். தோல்விக்கு அஞ்சுபவன் பிழையைப் பற்றிக்கொள்வான். அல்லது வாய் திறவான். வள்ளுவர் வினைத்திட்பம் என்னும் அதிகாரத்தில், ஒரு செயல் அதன் முடிவிலேயே வெளிப்படுதல் வேண்டும் என்றும், இடையில் வெளிப்பட்டால் நீங்காத துன்பம் தரும் என்றும் கூறுவது இங்கு நினைக்கத்தக்கது.

வரலாறும் இதற்குச் சான்று பகர்கின்றது. 1787 ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில் அமெரிக்க அரசியலமைப்பை ஆக்கக் கூடியோர் கதவுகளை மூடிக்கொண்டே விவாதித்தனர். பேசியதை வெளியிற் கூறலாகாது என்பது அவ்வவையின் விதி. இன்று ஒன்று கூறி நாளை மனம் மாறுவதற்கு அம்மறைவே அவர்களுக்கு இடமளித்தது. ஆயினும் அவ்வவையில் இருந்த மாடிசன் நாள்தோறும் குறிப்பெடுத்தார் என்பதும், அவர் மறைவுக்குப் பின் 1840 இல் அக்குறிப்புகள் அச்சேறின என்பதும் மறத்தற்குரியன அல்ல. மூடிய அவை என்றென்றைக்கும் மூடியதாய் இருந்துவிடவில்லை.

மருத்துவத் துறையிலிருந்து இன்னும் அண்மையானதோர் எடுத்துக்காட்டைக் கூறலாம். பேறுகாலத்தில் தாய் ஒருத்தி இறந்தால், அவ்விறப்பு ஏன் நிகழ்ந்தது என்பதை ஆராயும் இரகசிய விசாரணை முறை இங்கிலாந்திலும் வேல்சிலும் 1952 இல் தொடங்கியது. இலங்கையிலும் தாய் இறப்புகள் இவ்வாறு மீளாய்வு செய்யப்படுகின்றன. இவற்றின் நோக்கம் ஒருவரைக் குற்றவாளியாக்குவதன்று. அடுத்த தாயைக் காப்பதே. மருத்துவரும் தாதியரும் மருத்துவமாதரும் தம் பிழையைத் தாமே ஒப்புக்கொள்ளத் துணிவது தம் பெயர் வெளிவராது என்ற உறுதியினாலேதான். ஆயின் இம்முறையின் சிறப்பு மறைவோடு முடிவதில்லை. விசாரணையின் முடிவில் அறிக்கை வெளியாகும். அதில் பெயர் இராது, காரணம் இருக்கும். எந்தக் குருதிப்பெருக்கு எத்துணை நேரம் கவனிக்கப்படாது விடப்பட்டது, எந்த அறிகுறி தவறாக விளங்கிக்கொள்ளப்பட்டது என்பன யாவரும் படிக்குமாறு வைக்கப்படும். பெயரையும் காரணத்தையும் வேறுபிரித்துக் காணும் இந்நுட்பம் இக்கட்டுரையின் மைய வினாவுக்கு இன்றியமையாதது.

இனி, வல்லுநர் உரையாடல் வெளிப்படையாய் இருத்தல் வேண்டும் என்னும் பக்கத்தை நோக்கலாம். செருமானிய மெய்யியலாளர் காண்ட் 1795 இல் வெளியிட்ட நிலையான அமைதி பற்றிய நூலில் ஓர் அளவுகோலைத் தந்தார். பிறருடைய உரிமையைத் தொடும் ஒரு செயலின் அடிப்படைக் கொள்கை வெளியிற் சொல்லப்பட முடியாததாயின், அச்செயல் நீதியற்றது என்பதே அதன் சாரம். ஒளிந்து செய்வன யாவும் தீயன என்று அவர் கூறினாரல்லர். ஒளிவு நீங்கினால் நிற்கமுடியாத செயலையே அவர் குற்றஞ் சாட்டினார்.

வெளிப்படைத்தன்மையின் இன்னொரு பயனுக்கு மன்னார்க் கடலே சான்று. முத்துப் பார்கள் ஏன் சில ஆண்டுகளிற் செழிக்கின்றன, ஏன் பல ஆண்டுகள் வெறுமையாகின்றன என்பதை ஆராய, 1902 இல் உயிரியற் பேராசிரியர் ஹேர்ட்மன் அழைக்கப்பட்டார். அவரும் அவருடைய துணைவர் ஹோர்னெலும் கண்டவற்றை இலண்டன் றோயல் சங்கம் 1903 தொடக்கம் 1906 வரை ஐந்து பகுதிகளாக வெளியிட்டது. முத்து உருவாவதற்கு ஒருவகை நாடாப்புழுவின் குடம்பியே காரணம் என்பது அவர்களது முக்கியமான கருத்துக்களுள் ஒன்று. அக்கருத்து நிலைக்கவில்லை, பிற்காலத்து ஆய்வாளர் அதனைச் சோதித்து மறுத்தனர். 1906 இல் 20 ஆண்டுக் குத்தகைக்குப் பார்களைப் பெற்ற வணிக நிறுவனமும் 1907 க்குப் பின் பார்கள் வெறுமையானதால் நிலைகுலைந்தது. எனினும் ஹேர்ட்மன் எங்குத் தவறினார் என்பதை இன்று எவரும் ஏடு புரட்டிக் காணலாம். அவர் தம் முடிவை மட்டும் தந்து, அம்முடிவுக்கு வந்த வழியை மறைத்திருப்பாராயின், அவரது பிழை திருத்தப்படாத பிழையாய் நின்றிருக்கும். வெளியிடப்பட்ட பிழை அறிவின் ஒரு படி. மறைக்கப்பட்ட பிழையோ அறிவுக்கே தடை.

இவ்விரு பக்கமும் நியாயமுடையன. ஆயின் சிப்பியைப் பற்றிய கருத்து வேறுபாட்டாற் பெரிதும் இழப்பது பணமே. மனிதரின் எலும்பைப் பற்றிய கருத்து வேறுபாடு அத்தகையதன்று. அதே மன்னாரில், ஒரு நூற்றாண்டுக்குப் பின், இவ்வினா மிகக் கூர்மையான வடிவில் எழுந்தது.

2018 மார்ச் மாதத்தில், மன்னார் நகரின் நுழைவாயிலில் சதொச விற்பனை நிலையத்துக்குப் புதிய கட்டடம் அமைக்க அத்திவாரம் வெட்டியபோது, அகற்றப்பட்ட மண்ணில் மனித எலும்புகள் தென்பட்டன. மன்னார் நீதவான் நீதிமன்றத்தின் ஆணைப்படி அகழ்வு தொடங்கியது. சட்ட வைத்திய அதிகாரியும் தொல்லியற் பேராசிரியரும் தம் குழுவினரோடு மாதக்கணக்கிற் பணியாற்றினர். 300 க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அவற்றுட் சிறுவருடையனவும் இருந்தன. போர்க்காலத்திற் காணாமற்போன தம் பிள்ளைகளையும் கணவரையும் தேடி ஆண்டுக்கணக்கில் வீதியோரங்களிற் படங்களை ஏந்தி அமர்ந்திருந்த மக்கள், அக்குழியின் வேலிக்கு அப்பால் நின்று பார்த்தனர். அவர்களுக்கு அது ஆய்வுக்களமன்று. ஒருகால் தம் மகன் கிடக்கும் இடமாக இருக்கலாம்.

2019 சனவரியில் ஆறு எலும்பு மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள ஆய்வுகூடம் ஒன்றுக்குக் கதிரியக்கக் காபன் முறையிற் காலங்கணிப்பதற்காக அனுப்பப்பட்டன. மார்ச் மாதத்தில் முடிவு வந்தது. எலும்புகள் கி.பி. 1404 க்கும் 1635 க்கும் இடைப்பட்டன என்பதே அம்முடிவு. அகழ்வு நின்றது. காணாமற்போனோரின் உறவினர் பலர் அம்முடிவை ஏற்கவில்லை. மேலும் சோதனைகள் வேண்டும் என்றனர். வேறு சிலர், ஐயமெல்லாந் தீர்ந்தது, இனிப் பேசுவதற்கு ஒன்றுமில்லை என்றனர். ஓர் எண் வந்தது. அதனை நம்புவோரும் நம்பாதோரும் என ஊர் இரண்டாயிற்று.

இங்கு நிகழ்ந்ததைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். வல்லுநர் பொய்யுரைத்தனர் என்று கருதுவதற்கு இடமில்லை. நீதிமன்றமும் கதவடைத்து நடந்த மன்றமன்று, சட்டத்தரணிகள் அங்கு வாதாடினர், செய்தியாளர் எழுதினர். ஆயினும் பொதுமக்களின் செவியில் விழுந்தது பெரும்பாலும் அவ்வெண் ஒன்றே. எண்ணைச் சூழ்ந்து வல்லுநரிடையே எழக்கூடிய வினாக்களும், அவற்றுக்குரிய விடைகளும், விடை காணாது எஞ்சிய ஐயங்களும் அவ்வெண்ணோடு கைகோத்து அவர்களிடம் சென்று சேரவில்லை.

அவ்வினாக்கள் எளியன, எந்தத் தாயும் விளங்கிக்கொள்ளத் தக்கன. 300 க்கு மேற்பட்ட உடல்களுள் ஆறினது காலம் மற்றெல்லாவற்றினதும் காலமாகுமா? குழியின் ஒரு பகுதியில் உடல்கள் ஒழுங்காகவும் மற்றொரு பகுதியில் ஒழுங்கின்றியும் கிடந்தன எனச் செய்திகள் கூறினவே. ஆறு மாதிரிகளும் எப்பகுதியைச் சார்ந்தன? கடலுணவை மிகுதியாக உண்போரின் எலும்பு, கடல்நீரிலுள்ள பழைய காபனின் காரணமாக, உண்மைக்கு மேலும் பழையதாய்த் தோன்றக்கூடும் என்பது அத்துறையினர் நன்கறிந்த செய்தி. மீனே உணவான இத்தீவின் மக்களுக்கு அது எவ்வளவு பொருந்தும்? இவை எதிர்ப்பாளரின் சூழ்ச்சி வினாக்கள் அல்ல. எந்த ஆய்வாளரும் தம் அவையில் தாமே எழுப்பிக்கொள்ளும் வினாக்களாம்.

அவ்வாறே எதிர்ப்பக்கத்துக்கும் வலிய காரணம் ஒன்றுண்டு. 1950 களிலும் 1960 களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வானில் நிகழ்த்திய அணுகுண்டுச் சோதனைகளால் வளிமண்டலத்திலுள்ள காபன்-14 இன் அளவு ஏறத்தாழ இருமடங்காயிற்று. அதற்குப் பின் உண்டு வளர்ந்தோரின் உடலில் அச்சோதனைகளின் அடையாளம் பதிந்திருக்கும். ஆகவே ஓர் எலும்பு அண்மைக் காலத்து மனிதருடையதா என அறிவதில் இம்முறை வலிமை மிக்கது. 1980 களிலோ 1990 களிலோ இறந்த ஒருவரின் எலும்பை அது 15 ஆம் நூற்றாண்டுக்கு உரியதெனக் கூறுதல் மிக அரிது. இக்காரணம் விளங்குமாறு எடுத்துரைக்கப்பட்டிருப்பின், சோதிக்கப்பட்ட ஆறு எலும்புகளைப் பொறுத்தவரை ஐயம் கொண்டோர் பலர் அமைதி பெற்றிருக்கக்கூடும். அன்றியும், சோதிக்கப்படாதவற்றைப் பற்றிய ஐயம் நியாயமான ஐயமாக மதிக்கப்பட்டிருக்கும். அறிவு தான் எங்கு உறுதியாக நிற்கின்றது, எங்கு நிற்கவில்லை என்பதை ஒருங்கே காட்டும்போதுதான் நம்பிக்கை பிறக்கின்றது.

இம்மக்களின் ஐயம் வெற்றிடத்தில் முளைத்ததுமன்று. 2013 டிசம்பரில், மன்னார் நகருக்கு அப்பாலுள்ள திருக்கேதீச்சரத்தில் நீர்க்குழாய் பதிக்க நிலம் வெட்டியபோது இதுபோன்றதொரு புதைகுழி வெளிப்பட்டது. 80 க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. அது பழைய மயானமே என்று ஒரு சாராரும், அவ்விடத்தில் மயானம் இருந்ததில்லை என்று ஊரவரும் கூறினர். அவ்வினா தீராத நிலையிலேயே அடுத்த குழி வெளிப்பட்டது. முன்னர் விடை பெறாதவன் பின்னர் தரப்படும் விடையையும் ஐயத்தோடு நோக்குவது மனித இயல்பு. நம்பிக்கை என்பது வல்லுநரின் பட்டத்துக்கு மக்கள் செலுத்தவேண்டிய வரியன்று. காரணங்காட்டிப் பெறவேண்டிய பேறு.

அவ்வாறாயின் வல்லுநரின் பேச்சு முழுவதும் சொல்லுக்குச் சொல் வெளியிடப்படல் வேண்டுமா? வேண்டா என்பதற்கு 2009 ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்று எச்சரிக்கையாகும். இங்கிலாந்தின் கிழக்கு அங்கிலியாப் பல்கலைக்கழகத்துக் காலநிலை ஆய்வாளர் தம்முள் எழுதிக்கொண்ட மின்னஞ்சல்கள் அவ்வாண்டு நவம்பரில் களவாக எடுத்து வெளியிடப்பட்டன. தரவுகளைக் கையாளும் உத்தி என்ற பொருளில் அவர்களுள் ஒருவர் வழங்கிய ஆங்கிலச் சொல்லுக்கு ஏமாற்று என்ற பொருளும் உண்டு. அவ்வொரு சொல்லைப் பற்றிக்கொண்டு, காலநிலை மாற்றமே பொய் என்று பலர் முழங்கினர். 2010 இல் முடிவுற்ற சுயாதீன விசாரணை, ஆய்வாளரின் நேர்மையிற் குறையில்லை என்று கண்டது. ஆயின் அவ்விசாரணையே இன்னொன்றையும் கூறியது: அவ்வாய்வாளர் கேட்டவர்க்குத் தம் தரவுகளைத் திறந்து காட்டத் தயங்கியமை குறையே என்பதாம்.

இவ்விரு முடிவுகளும் சேர்ந்தே ஒரு பாடமாகின்றன. நண்பர்க்கு எழுதிய சொல் நண்பர்க்கே விளங்கும். அதனைத் தெருவில் வைத்தல் அநீதி. எனினும் காட்டவேண்டிய காரணத்தை உரிய காலத்திற் காட்டாதவர், காட்டவேண்டாத சொல்லும் களவு போவதற்கு வழி திறந்துவிடுகின்றனர். மன்னாரிலும் காரணம் வராத இடத்தை வதந்தியே நிரப்பியது. 1404 க்கும் 1635 க்கும் இடையில், 1544 இல் சங்கிலி மன்னனின் ஆணையாற் கத்தோலிக்கர் கொலையுண்டதும் அடங்கும். 1560 இற் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றியதும் அடங்கும். அவரவர் தத்தம் சார்புக்கு ஏற்ப ஒரு கதையைப் புனைந்துகொள்ள அவ்விடைவெளி போதுமாயிருந்தது.

இனி, மறைவினால் மட்டுமே காக்கப்படக்கூடிய சிலவும் உள. காணாமற்போன ஒருவரைப் பற்றித் தான் கண்டதைக் கூறவரும் சாட்சி, தன் பெயர் வெளிவந்தால் தனக்கு என்ன நேருமோ என்று அஞ்சுகின்றான். இதனை உணர்ந்தே 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கக் காணாமற்போனோர் அலுவலகச் சட்டம், நம்பிக்கையின் பேரில் அவ்வலுவலகத்துக்குக் கூறப்பட்டவற்றை இரகசியமாகக் காக்கும் கடமையை விதித்து, அத்தகைய தகவலைத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே வைத்தது. அதே ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டமும் மருத்துவப் பதிவேடுகள் முதலிய சிலவற்றுக்கு 5 ஆம் பிரிவில் விலக்களிக்கின்றது. ஆயினும் பொதுநலன் மேலோங்கும் இடத்தில் அவ்விலக்கும் தளரும் என்று அப்பிரிவே கூறுகின்றது. இவ்விரு சட்டங்களையும் எதிரெதிராக நிறுத்துவார் உளர். உண்மையில் அவை ஒரே அறத்தின் இரு கூறுகள். எளியவனைக் காக்கும் மறைவு அறமாகும். எளியவனிடமிருந்து வலியவனைக் காக்கும் மறைவு அறமாகாது. ஒரு செய்தி இரகசியம் எனப்படும்போது, அது யாருடைய இரகசியம், யாரிடமிருந்து காக்கப்படுகின்றது என்று வினவினால் பாதி விடை கிடைத்துவிடும்.

காரணங்கள் வெளிவரும்போது யாது நிகழும் என்பதற்கும் மன்னாரே சான்று தருகின்றது. தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளைக் கொண்ட தம்பபவனி மின்நிலையம் 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. பின்னர் இந்திய நிறுவனமான அதானி, மன்னாரிலும் பூநகரியிலும் மேலும் காற்றாலைகளை நிறுவ முன்வந்தது. மன்னார், மத்திய ஆசியாவிலிருந்து பறந்துவரும் பறவைகளின் வழித்தடம். அதன் அருகேயுள்ள வங்காலைப் புகலிடம் 2010 இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. இத்தகைய திட்டங்களுக்கான சுற்றாடற் பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கையை, 1988 இல் திருத்தப்பட்ட தேசிய சுற்றாடற் சட்டத்தின்படி, 30 நாள்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தல் வேண்டும். 2024 இல் அவ்வறிக்கை வெளிவந்தபோது, பறவையியலாளரும் சுற்றாடல் அமைப்பினரும் அதனை வரி வரியாக ஆராய்ந்து மறுப்புரைத்தனர். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் திட்டத்திலிருந்து விலகியது. அவ்விலகலில் மின்கட்டணம் பற்றிய பிணக்கும் கலந்திருந்தது.

அத்திட்டம் நன்றா தீதா என்பது வேறு வினா. ஈண்டுக் கருதற்பாலது ஒன்றே. பறவை எவ்வழியே பறக்கின்றது என்பதில் வல்லுநர் ஒருவர் கூறியதை மற்றொரு வல்லுநர் மறுக்க முடிந்தது; மீனவனும் மழைநீர் எவ்வழியே வடியும் என்பதைத் தன் அனுபவத்திலிருந்து எடுத்துக்கூற முடிந்தது. முடிவு மட்டுமன்றி அதன் காரணமும் அச்சில் இருந்ததனாலேயே இது இயன்றது. காற்றாலைக்குத் தரப்பட்ட இவ்வாய்ப்பு எலும்புக்கூட்டுக்கும் தரப்படல் வேண்டும் என்பதில் மிகையாதும் இல்லை. பறவையின் பாதையைப் பற்றி வாதிடுவதற்கு 30 நாள்கள் தரும் சமூகம், தன் பிள்ளையின் உடலோ என்று ஏங்கும் தாய்க்கு ஓர் எண்ணை மட்டும் தந்து அனுப்புதல் முறையாகாது.

இதுவரை கூறியவற்றிலிருந்து ஒரு நெறி உருவாகின்றது. வல்லுநர் கூடிப் பேசும்போது அவையின் கதவு மூடியிருக்கலாம். எண்ணம் முதிர அதற்கு அவ்வமைதி வேண்டும். ஆயின் அம்மறைவுக்குக் கால எல்லை உண்டு; முடிவு வெளியாகும் நாளே அவ்வெல்லை. முடிவு வெளிவரும்போது, அதற்கு ஆதரவாயிருந்த காரணங்களும், எதிராக எழுந்த காரணங்களும், தீராது எஞ்சிய ஐயங்களும் உடன் வெளிவருதல் வேண்டும். எக்கருத்தை யார் கூறினார் என்பது வேண்டுவதில்லை. அவ்வாறொரு கருத்து எழுந்தது என்பதும், அது ஏன் ஏற்கப்பட்டது அல்லது தள்ளப்பட்டது என்பதும் வேண்டும். சாட்சியின் பெயரும், இறந்தோரின் மானமும், துயருற்ற குடும்பத்தின் அந்தரங்கமும் எந்நாளும் காக்கப்படல் வேண்டும். சுருங்கக்கூறின், பெயரை மறைக்கலாம், காரணத்தை மறைத்தலாகாது. வெளியீட்டைத் தாழ்த்தலாம், கருத்து வேறுபாட்டை அழித்தலாகாது.

இதற்கு ஒரு தடை எழுப்பப்படலாம். ஐயங்களை வெளியிட்டால் மக்கள் குழம்புவர் என்பது அது. மக்கள் குழம்புவது உண்மையே. ஆயின் ஐயமற்றதாய்க் காட்டப்பட்ட முடிவொன்று பின்னர் ஐயத்துக்குள்ளாகும்போது விளையும் குழப்பம் அதனினும் பன்மடங்கு பெரிது. அன்றியும், மன்னாரின் மக்கள் நிச்சயமின்மையை அறியாதவரல்லர். நாளைய காற்று எத்திசையிலிருந்து வீசும் என்று அறியாமலே அவர்கள் கடலிற் படகைச் செலுத்துகின்றனர். தம் மகன் உயிரோடு இருக்கின்றானா இல்லையா என்று அறியாமலே சில தாய்மார் 30 ஆண்டுகளாகச் சோறு ஆக்குகின்றனர். உறுதியின்மையோடு வாழப் பழகிய இவர்களிடம், உங்களுக்கு இது விளங்காது என்று கூறும் தகுதி எந்த அவைக்கும் இல்லை.

இது வல்லுநர்க்குச் சுமையாகுமே என்பாரும் உளர். சுமையே. எனினும் அச்சுமையை ஏற்பதிலேயே தொழில் என்பதற்கும் தொண்டு என்பதற்கும் இடையிலான வேறுபாடு அமைகின்றது. கூலிக்குச் செய்யும் தொழிலில் வாடிக்கையாளர்க்கு முடிவைக் கொடுத்தாற் கடன் தீர்ந்துவிடும். பொதுமக்களின் உயிரையும் உறவையும் பற்றிய தொழிலில், முடிவோடு அதற்குரிய வழியையும் கொடுத்தாலன்றிக் கடன் தீராது. பல்கலைக்கழகங்களில் இன்று மருத்துவமும் சட்டமும் தொல்லியலும் பயில்வோர் நாளை இத்தகைய அவைகளில் அமரவிருப்பவர். ஆய்வுமுறையைக் கற்பதோடு, ஆய்வின் ஐயங்களை எளிய தமிழில் ஒரு தாய்க்கு எடுத்துரைக்கும் கலையையும் அவர்கள் கற்றாதல் வேண்டும்.

மரிச்சுக்கட்டியில் முத்து வணிகரின் துணியின் கீழ் என்ன பேசப்பட்டது என்பதை இன்று எவரும் அறியார், அறியவேண்டியதும் இல்லை. ஆயின் அரசு எடுத்த மாதிரிச் சிப்பிகள் எத்தனை, அவற்றில் விளைந்த முத்து எவ்வளவு, அதன் மதிப்பு என்ன என்பன அன்றே அறிவிக்கப்பட்டன. முத்தைத் தேடி வந்த வணிகனுக்கு அக்கரை அவ்வளவு கடமைப்பட்டிருந்தது. மக்களைத் தேடி வந்த தாய்க்கு அதனினும் குறைவாகவா கடமைப்பட்டிருக்கின்றது?